கவிழ்த்து வைத்த தட்டு

பேருந்து நிலையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் குரலைக் கேட்காதவர் அந்த ஊரில் கிடையாது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், ஓடிக்கொண்டிருப்பவர்கள்கூட நின்று காதைத் தீட்டிக்கொள்வார்கள். எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். டிரைவர், கண்டக்டர் முதல் வாசலில் செருப்புத் தைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் மைக்கம்மா.

அவள் அறை ஒரு பீரோவைப் படுக்கவைத்த அளவுதான் இருக்கும். ஒரு மேசை, ஒரு மேசை விசிறி, அரைப் பக்கம் அழுக்கேறிய கண்ணாடி ஜன்னல். மைக்குக்கு அடியில் நாலாக மடித்த துண்டு. பேசி முடித்ததும் சுவிட்சை அணைத்தோமா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பாள். ஒருமுறை அணைக்க மறந்து, ஒரு கண்டக்டரின் வழுக்கையைப் பற்றி அவள் சொன்ன கருத்தை ஊரே கேட்டுவிட்டது. அந்த மனிதர் அதற்குப் பிறகு தொப்பி இல்லாமல் அந்தப் பக்கம் வருவதில்லை.

காணாமல் போனவர்களைச் சேர்த்து வைப்பதில் அவளுக்கு ஒரு ராசி உண்டு. கூட்டத்தில் கை நழுவிய குழந்தைகள், டீ குடிக்கப் போய்த் திரும்பாத புருஷன்மார்கள், கழிப்பறைக்குப் போய் வழி தெரியாமல் நிற்கும் மாமியார்கள் என்று எத்தனையோ பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உரியவர்களிடம் ஒப்படைத்திருக்கிறாள். ஊரார் வீட்டு ஆட்களையெல்லாம் இப்படிக் கூப்பிட்டவள், கூடப்பிறந்த அண்ணனை மட்டும் கூப்பிடாமலே வருஷக்கணக்கில் இருந்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் சொல்வதற்கு அந்த ஒன்றுதான் இருக்கிறது.

அண்ணன் ஒன்றும் கண்காணாத தேசத்தில் இல்லை. அதே ஊரில், அவள் வீட்டிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்தார். எலக்ட்ரீஷியன். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நிலையத்தின் ஒலிபெருக்கிகளை ஏணி போட்டு மாட்டியவரே அவர்தான். தூணுக்குத் தூண் ஏறி இறங்கி, "பாப்பா, இப்போ பேசு", "பாப்பா, இப்போ பேசு" என்று கத்திக் கத்திச் சரிபார்த்தார். வீட்டில் அவளுக்கு எப்போதும் பாப்பா என்றுதான் பெயர்.

இவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரி சலவை அறையில் வேலை பார்த்தவள். புருஷனைச் சீக்கிரமே பறிகொடுத்துவிட்டு, நாள் முழுக்கப் போர்வைகளோடும் நீராவியோடும் மல்லுக்கட்டி இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். எழுத்துக் கூட்டி வேதாகமம் வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான் படிப்பு. ஆனால் வாசித்ததை அப்படியே செய்ய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். செய்யாமல் எதற்கு வாசிப்பது என்று கேட்பாள்.

அவள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் தட்டுகள் கவிழ்ந்துதான் இருக்கும். ஜெபம் முடிந்ததும் "சமாதானமா?" என்று கேட்பாள். யாரோடும் மனஸ்தாபம் இல்லாதவர்கள் "சமாதானம்" என்று சொல்லித் தட்டை நிமிர்த்தலாம். யாரோடாவது முட்டிக்கொண்டிருந்தால் தட்டு கவிழ்ந்தபடியே இருக்க வேண்டும். ஒரு தட்டு கவிழ்ந்திருந்தாலும் யாருக்கும் சாப்பாடு கிடையாது. போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்த பிறகுதான் கரண்டியைத் தொடுவாள்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் தினம் ஒரு குடுமிப்பிடி. குடையை யார் உடைத்தது, பென்சிலை யார் கடித்தது என்று விஷயத்துக்கா பஞ்சம். "தப்பு அவன் மேலம்மா, அவனே வந்து கேக்கட்டும்" என்று பாப்பா ஒருநாள் உதட்டைப் பிதுக்கினாள்.

அம்மா அசரவில்லை. "தப்பு உன் மேலன்னா நீ போ. அவன் மேலன்னாலும் நீதான் போகணும். நானும் வேதத்தை முழுசாத் தேடிப் பாத்துட்டேன். அவனே வரட்டும்னு எங்கயும் எழுதல."

பசி தாங்காமல் இருவரும் அரைகுறையாகக் கையைக் கொடுத்துக்கொண்டு தட்டை நிமிர்த்துவார்கள். அந்தச் சமாதானத்தின் லட்சணம் அம்மாவுக்குத் தெரியாதா என்ன. "பசிக்காகவாவது போறீங்களே, அது போதும்" என்பாள்.

ஒரு நாள் அம்மாவின் தட்டே கவிழ்ந்திருந்தது. மாடி வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாயடியில் வாய்ச்சண்டை. பிள்ளைகளை மேசையில் உட்கார வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தாள்.

"போனியாம்மா?" என்றார் அண்ணன்.

"போனேன். ஆள் இல்ல, கிளம்பிட்டா. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா போகணும்."

அப்படிச் சொல்லிவிட்டுத் தட்டை நிமிர்த்தினாள். மறுநாள் விடிந்ததும், வேலைக்குக் கிளம்பும் முன், மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் இருவரும் போர்வைக்குள் கிடந்து அதைக் கேட்டார்கள்.

அந்த அம்மா வயதாகி அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் ஆலயத்தின் பாடகர் குழுவில் பாடுகிறவர். ஒரு சனிக்கிழமை மாலை அவர் பயிற்சிக்குப் போயிருந்தபோது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அண்ணியும் கடைக்குப் போயிருந்தாள். வந்து பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் உயிர் தங்கவில்லை.

அடக்கம் முடிந்து ஆலயத்தின் பின்கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோதுதான் மைக்கம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள். மைக் இல்லாமலே அவள் குரல் எட்டும். "பாட்டுப் பாடப் போயிட்டியே, அம்மாவைக் கொன்னுட்டுப் பாட்டுப் பாடுறியா" என்றாள். கூடம் முழுக்கக் கேட்டது. அண்ணன் கையிலிருந்த தம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அம்மாவே அன்றைக்கு அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள் என்று பிறகு தெரிந்தது. "எனக்காக வீட்டுல உக்காந்துகிட்டு ஆண்டவர் வேலையை விடாதே" என்றாளாம். பக்கத்து வீட்டுக்காரி காதால் கேட்டவள், அவளே வந்து சொன்னாள். அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்பதில் மைக்கம்மாவுக்குத் துளி சந்தேகம் வரவில்லை. அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

கிளம்பவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று இருந்தது. அதனால் ஜெபம் பண்ணினாள்.

இந்த இடத்தில்தான் இவளை எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. குடித்துக் கெட்டவர்களைக் கண்டிக்கலாம், சீட்டாடிக் கெட்டவர்களைக் கண்டிக்கலாம். ஜெபம் பண்ணிக் கெட்டவளை என்ன சொல்லிக் கண்டிப்பது? தினமும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அண்ணன் மனதை இளக்கும், எங்களுக்குள் சமாதானம் தாரும்" என்று உருகினாள். பெண்கள் ஜெபக் கூட்டத்திலும் சொல்லி வைத்தாள். கண்ணீரெல்லாம் உண்மையான கண்ணீர்தான். எழும்போது மனம் லேசாகிவிடும். லேசான மனதோடு போய்ப் படுத்துக்கொள்வாள். அண்ணன் வீட்டுக்குப் போகும் வேலை தினமும் இப்படி அழுகையிலேயே கரைந்தது.

அவள் புருஷன் டயர் கடை வைத்திருப்பவர், வாய்க்கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. "ஆண்டவருக்கு இருக்கிற வேலை பத்தாதுன்னு உங்க அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்புற வேலையும் அவர் தலையில கட்டியிருக்கே" என்பார். "ரெண்டு நிறுத்தம்தான். நான் வேணா வண்டியில கொண்டு போய் விடட்டுமா?"

"நேரம் வரும்போது அவரே நடத்துவார்" என்பாள் அவள். அவர் என்றால் ஆண்டவர்.

ஆலயத்தில் இரண்டு ஆராதனை. அண்ணன் காலையில் பாடுவார், இவள் மாலை ஆராதனைக்குப் போவாள். ஒரே ஆலயம், ஒரே பெஞ்சு, ஒரே பாட்டுப் புத்தகம். காலையில் அவர் வைத்துவிட்டுப் போன புத்தகத்தை மாலையில் இவள் எடுத்துப் பாடியிருக்கவும்கூடும். நேருக்கு நேர் மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை.

இதில் புருஷனுக்கும் தெரியாத ஒன்று உண்டு. சண்டை நடந்த அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம் அண்ணனே வந்திருந்தார். அவள் வீட்டில் தனியாக இருந்தாள். படுக்கையறையில் முழங்காலில், அவருக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தாள். வாசலில் கதவு தட்டும் சத்தம். பிறகு, "பாப்பா" என்று ஒரே ஒரு குரல்.

ஜெபத்தின் நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் இறுக்கி மூடினாள். அப்புறம் படியில் இறங்கும் சத்தம். அண்ணனுக்காக அவள் ஏறெடுத்த ஜெபம் அன்றைக்கு ரொம்ப நீளமாகப் போனது.

இடையில் யாரோ ஜெபக் கூட்டத்தில், "உங்கண்ணனுக்கு மறதி வருதாமே, பாடும்போது வரி தப்புதாம், பாடகர் குழுவிலிருந்து நின்னுட்டாராம்" என்றார்கள். அன்றிரவு ஜெபத்தில் அதையும் சேர்த்துக்கொண்டாள்.

அது நடந்தது ஒரு வேலை நாள், மதியச் சாப்பாட்டு நேரம். நிலையத்தில் கூட்டம் குறைந்திருந்தது. அவள் டப்பாவைத் திறக்கப் போகும்போது செக்யூரிட்டி ஜன்னல் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"மைக்கம்மா, ஒரு அறிவிப்பு. பெரியவர் ஒருத்தர் ஸ்பீக்கர் தூணுக்குக் கீழே உக்காந்துகிட்டு, தங்கச்சியைக் காணோம்னு சொல்றாரு. சின்னப் பொண்ணாம். அவர் பேச்சும் கொஞ்சம் முன்னுக்குப் பின்னாத்தான் இருக்கு. ஆனா பிள்ளை விஷயம், நாம சொல்லிடுவோம்."

"பேரு?"

"பாப்பாவாம். அதுக்கு மேல சொல்லத் தெரியல. சாப்பாட்டு நேரம் ஆச்சு, அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்கன்னு அதையே சொல்லிகிட்டு இருக்காரு."

ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குச் செல்லப்பெயர் பாப்பாதான். அவள் டப்பாவை மூடி வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பாப்பா என்னும் சிறுமி எங்கிருந்தாலும் உடனே விசாரணை அறைக்கு வரவும். உன் அண்ணன் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்."

எந்த அறிவிப்பையும் இரண்டு தடவை சொல்வது அவள் வழக்கம். இரண்டாவது தடவை "உன் அண்ணன்" என்று வந்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது. தூண்களில் கரகரவென்று வெறும் சத்தம். எங்கிருந்தாலும் உடனே வரவும் என்று அவள் குரலே அவளைக் கூப்பிட்டிருக்கிறது. அவள் எழுந்து வெளியே ஓடினாள். சுவிட்சை அணைக்கவில்லை, நாற்காலி விழுந்த சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது.

அண்ணன்தான். இளைத்துப் போயிருந்தார். சட்டைப் பட்டனை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். தலையை அண்ணாந்து ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே" என்றாள். "நான்தான், பாப்பா."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, வீங்கிய கால். பிறகு மரியாதையாகச் சிரித்தார். "இல்லம்மா. அவ சின்னப் பொண்ணு. நீங்க அவ டீச்சரா? இதுக்குள்ள பேசினாளே, அவ குரல்தான் அது, எனக்குத் தெரியாதா" என்று ஒலிபெருக்கியைக் கை காட்டினார்.

அவள் தரையிலேயே உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, என்னை மன்னிச்சிரு. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ வந்து கதவைத் தட்டினப்போ நான் உள்ளேதான் இருந்தேன்."

பல வருஷமாக ஆண்டவரிடம் சொல்லி வந்ததை முதல் தடவையாக ஆளிடம் சொன்னாள். ஆனால் அந்த ஆள் அங்கே இல்லை. "அழாதீங்கம்மா, என்னம்மா ஆச்சு" என்று அவர் பதறினார். செக்யூரிட்டியைப் பார்த்து, "இவங்களுக்குத் தண்ணி குடுங்க" என்றார்.

அண்ணி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். எப்போதாவது கதவு திறந்திருந்தால் நேராக இங்கேதான் வருவாராம். "உங்க குரல் கேக்கும்ல. மறதி வர்றதுக்கு முன்னாடியும் இங்க வந்து உக்காருவாரு. டீ நல்லா இருக்கும்னு என்கிட்ட சொல்லுவாரு" என்றாள் அண்ணி. "எனக்குத் தெரியாதா, இங்க டீ எப்படி இருக்கும்னு." குற்றம் சொல்கிற குரலாக இல்லை. கொஞ்சம் குற்றம் சொல்லியிருந்தால் மைக்கம்மாவுக்குத் தேவலை போல் இருந்தது.

"வாங்க, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்க. எத்தனை வருஷம் ஆச்சு."

அந்த வீட்டின் மேசை அம்மா வீட்டு மேசைதான். மூலையில் அண்ணன் சின்ன வயதில் கத்தியால் கீறிய தழும்பு அப்படியே இருந்தது. தட்டுகள் கவிழ்ந்திருந்தன. அண்ணி பழக்கத்தில் அப்படித்தான் வைக்கிறாள் போல. மைக்கம்மா அம்மாவின் நாற்காலியைத் தவிர்த்துவிட்டுத் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணன் தலை குனிந்து ஜெபித்தார். பாட்டு வரிகள் மறந்து போயிருந்தன, மனைவி பெயர்கூடச் சில நாள் மறந்துவிடுமாம். ஜெபம் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது. அம்மா சொல்லிக் கொடுத்த அதே ஜெபம், அதே வரிசை. முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்து, "சமாதானமா?" என்றார்.

"சமாதானம்" என்று அண்ணி தட்டை நிமிர்த்தினாள். அவரும் நிமிர்த்தினார். மைக்கம்மாவின் கை தட்டின் விளிம்பில் இருந்தது. அந்தத் தட்டை அவளால் தூக்க முடியவில்லை.

அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். அவர் முகத்தில் அத்தனை நேரம் இல்லாத ஒரு தெளிவு வந்தது. "யார்கூட சண்டை?"

"எங்க அண்ணன்கூட" என்றாள்.

"அப்போ போயிட்டு வா." நீங்க, வாங்க எல்லாம் போய்விட்டது. அம்மாவின் குரலில் இருந்த அதே கறார். "தப்பு யார் மேல இருந்தா என்ன, நீதான் போகணும். அவன் வருவான்னு உக்காந்திருக்காதே. சோறு எங்கயும் போயிடாது, போ."

"சும்மா இருங்க, அவங்க சாப்பிடட்டும்" என்று அண்ணி தடுத்தாள். அவர் கேட்கவில்லை. நிமிர்த்திய தன் தட்டைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார். "அந்தப் பொண்ணு போயிட்டு வரட்டும். நான் இருக்கேன்."

மைக்கம்மா எழுந்தாள். நடைவழியைக் கடந்து, கதவைத் திறந்து, வாசல்படிக்கு வந்தாள். வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கண் கூசியது. இந்தப் படிக்கு வர இரண்டு நிறுத்தம்தான் என்று புருஷன் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு இந்தப் படியில் வந்து நின்றிருந்தால் கதவைத் திறக்க ஒரு அண்ணன் இருந்தார். ஜெபம் பண்ண அவளுக்கு வாய் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

அண்ணன் கவிழ்ந்த தட்டின் மேல் கை வைத்தபடி காத்திருந்தார். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"போனியா?"

"போனேன்."

"இருந்தானா?"

அவளுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. இருந்தாரு, சிரிச்சாரு, எல்லாம் சரியாப் போச்சு என்று சொல்லிவிட்டால் அவரும் சாப்பிடுவார், அவளும் சாப்பிடலாம். அந்த மேசையில் அது வாயில் வரவில்லை.

"இல்லண்ணே. நான் போறதுக்குள்ள அவரு கிளம்பிட்டாரு."

"அப்படியா" என்றார் அண்ணன். எட்டி அவள் தட்டை நிமிர்த்தினார், பிறகு தன்னுடையதை நிமிர்த்தினார். அவள் தட்டில் முதல் கரண்டியை அவரே வைத்தார்.

"பரவால்லம்மா, சாப்பிடு" என்றார். "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா போ."